டப்பாவில் ‘மாவு’ என்று எழுதினால் போதுமா?

வடசென்னையின் மணலி விரைவுச் சாலையில் நள்ளிரவிலும் டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். 1969-இல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதற்கு அண்டையில் உரத் தொழிற்சாலை, சுற்றிலும் ரசாயன ஆலைகள். மாலையானதும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இங்கே இல்லை. ஆகவே ஷிப்ட் உண்டு. ஷிப்ட் இருந்தால் அந்தந்த நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்ல 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 46-ஆம் பிரிவில் வழி செய்திருந்தது.

அப்படி ஒரு கேன்டீன் சமையலறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்ட் மாஸ்டர் கிளம்பும்போது மதிய ஷிப்ட் மாஸ்டர் உள்ளே வருகிறார். இருவரும் பேசிக்கொள்ளக் கிடைப்பது கைகழுவும் நேரம்தான். இரவு ஷிப்ட் மாஸ்டருக்கோ காலை மாஸ்டரின் முகமே சரியாகத் தெரியாது. மூவருக்கும் பொதுவாக இருப்பது அலமாரி. அதில் வெள்ளைப் பொடி மட்டும் ஆறேழு டப்பா: மைதா, பச்சரிசி மாவு, இடியாப்ப மாவு, சோள மாவு, தூள் உப்பு, ஆப்ப சோடா, பொடித்த சர்க்கரை. காலை மாஸ்டர் மூன்று டப்பாவில் ‘மாவு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அவருக்கு எது எங்கே என்று கை அறியும். இரவு மாஸ்டர் ஒவ்வொன்றாகத் திறந்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தோசைக்குக் கரைக்க முடியும். ஐநூறு பேர் வரிசையில் நிற்கும் நேரத்தில் அந்த ஒவ்வொரு ருசிபார்ப்பும் வீண் நிமிடம். எதிலாவது ஏமாந்தால் அண்டாவோடு கொட்ட வேண்டியதுதான்.

ஜாவா நிரலில் ‘மாறி’ என்பது இந்த டப்பா. உள்ளே ஒரு மதிப்பு. வெளியே ஒரு பெயர். ஜாவாவில் டப்பாவின் வடிவத்தையும் முன்னாலேயே சொல்லியாக வேண்டும்: முழு எண் போடும் டப்பா, தசம எண் போடும் டப்பா, எழுத்துச் சரம் போடும் டப்பா, ஆம்–இல்லை மட்டும் போடும் டப்பா. எண்ணெய்த் தூக்கில் அரிசியைக் கொட்டப் போனால், நிரலைத் தொகுக்கும் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். வடிவத்தில் அத்தனை கறாராக இருக்கும் அது, ஒட்டியிருக்கும் பெயரின் பொருளைப் பற்றிக் கவலையே படாது. உப்பு டப்பாவில் ‘சர்க்கரை’ என்று எழுதினாலும் அதற்குச் சம்மதம். ஒரு மெத்தடுக்குள், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டுக்குள், நாம் வைக்கும் உள்ளூர் மாறிகளின் பெயர்களை, தனியாகக் கேட்டாலொழிய, அது பத்திரப்படுத்துவதுகூட இல்லை. 0, 1, 2 என்று இட எண் கொடுத்துவிட்டுப் பெயரை விட்டுவிடுகிறது.

அப்படியானால் பெயர் யாருக்கு? அடுத்த ஷிப்ட்டுக்கு. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் வெளியிட்ட எழுத்துமுறை வழிகாட்டி முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது: மென்பொருளின் வாழ்நாள் செலவில் 80 சதவீதம் பராமரிப்புக்குப் போகிறது, எழுதியவரே கடைசிவரை அதைப் பார்த்துக்கொள்வது அரிது. அந்த வழிகாட்டியில் உள்ள விதிகள் எல்லாமே இந்த இரண்டு வரிகளிலிருந்து பிறந்தவை.

கேன்டீனிலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்த ஷிப்ட்டுக்கு எத்தனை கிலோ அரிசி ஊறப்போட வேண்டும்? ஒருவர் இப்படி எழுதுகிறார்:

எ = அ * ஆ / 1000;

இன்னொருவர் இப்படி:

தேவையான_அரிசி_கிலோ = சாப்பிடுவோர்_எண்ணிக்கை * ஒரு_ஆள்_அரிசி_கிராம் / 1000;

கணினிக்கு இரண்டும் ஒன்றே. மனிதருக்கு முதலாவது புதிர். இரண்டாவது படிக்கப் படிக்கவே விளங்குகிறது. 1000 ஏன் வந்தது என்பதற்குத் தனியாக விளக்கக் குறிப்பு எழுத வேண்டியதில்லை. ஒருபுறம் கிராம், மறுபுறம் கிலோ, இடையில் ஆயிரம். இன்னொன்றும் நடக்கிறது. 333 பேர், ஆளுக்கு 150 கிராம் என்றால் 49.95 கிலோ வர வேண்டும். மூன்றும் முழு எண் டப்பாக்களாக இருந்தால் ஜாவா தசமத்தை வெட்டி எறிந்துவிட்டு 49 என்றுதான் தரும். கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி காணாமல் போகிறது. நல்ல பெயர் இந்தப் பிழையைத் தடுக்காது. ஆனால் ‘கிலோ’ என்ற சொல் கண்ணில் படும்போது, சரிபார்ப்பவருக்கு “கிலோவில் தசமம் வருமே, இது ஏன் முழு எண்ணாக இருக்கிறது?” என்ற கேள்வி எழும். ‘எ’ என்ற எழுத்தைப் பார்த்து எவருக்கும் எந்தக் கேள்வியும் எழாது.

பெயரில் அலகைச் சேர்ப்பதைச் சிலர் மிகை என்பார்கள். மணலியில் வேலை பார்ப்பவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ‘கச்சா_எண்ணெய்’ என்று ஒரு மாறி, உள்ளே 5000 என்று ஓர் எண். டன்னா, கிலோலிட்டரா, பீப்பாயா? ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். டன்னாக மாற்ற வேண்டுமானால் அந்த எண்ணெயின் அடர்த்தியும் தெரிய வேண்டும். அது ஒவ்வொரு கச்சா எண்ணெய்க்கும் வேறு. எண் ஒன்றுதான், பொருள் மூன்று. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனதற்கு இதுதான் மூலம். தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-நொடியில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட குழு நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். ஒரு பெயர் மட்டுமே அந்த விண்கலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. எண்ணின் பக்கத்திலேயே அலகு எழுதியிருந்தால், பல மாதங்களில் யாராவது ஒருவர் கண்ணிலாவது அது உறுத்தியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

150 என்ற எண்ணுக்கு ‘ஒரு_ஆள்_அரிசி_கிராம்’ என்று ஏன் தனிப்பெயர்? சமையலறைச் சுவரில் சில அளவுகளை பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள்: ஆளுக்கு இவ்வளவு அரிசி, இத்தனை பேருக்கு இவ்வளவு பருப்பு. ஷிப்ட் மாறினாலும் அவை மாறா. இவை ஜாவாவின் ‘மாறிலிகள்’. சுவரில் எழுதாமல் நிரலில் பத்து இடத்தில் 150 என்று நேரடியாகத் தூவிவிட்டால், நிர்வாகம் 160 கிராமாக உயர்த்தும் நாளில் தேடித்தேடி மாற்ற வேண்டும். அப்போது தட்டுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேறொரு 150-உம் சேர்ந்து 160 ஆகிவிடும். நிரலில் பெயரில்லாமல் நிற்கும் எண்களைப் போல் வம்பு பிடித்தவை வேறில்லை.

இனி ஜாவாவுக்கே உரிய எழுத்துப் பழக்கம். சமையலறையில் நான்கு வகைப் பொருள்கள் உண்டு. சாம்பார் எப்படி வைப்பது என்ற பக்குவக் குறிப்பு: அது கிளாஸ். அந்தக் குறிப்பின்படி இன்று அண்டாவில் கொதிக்கும் சாம்பார்: அது ஆப்ஜெக்ட், அதைச் சுட்டும் பெயர் மாறி. தாளிப்பது, வடிப்பது, பரிமாறுவது: இவை மெத்தட். சுவரில் எழுதிய அளவு: மாறிலி. பெயரைப் பார்த்த கணத்தில் இந்த நான்கில் எது என்று தெரிய வேண்டும். ஜாவா சமூகம் அதற்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பயன்படுத்திக்கொண்டது. கிளாஸ் பெயரில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். மாறியும் மெத்தடும் சிறிய எழுத்தில் தொடங்கி, இரண்டாவது சொல்லிலிருந்து மட்டும் முதலெழுத்து பெரிதாகும். ‘டோட்டல் ரைஸ்’ என்றால் டி சிறியது, ஆர் பெரியது, நடுவில் இடைவெளி இல்லை. மாறிலி முழுக்கப் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் பேக்கேஜின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. இதை மீறினாலும் கம்பைலர் தடுக்காது. ஆனால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வேறுவேறு என்பதால், ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் அவை இரண்டு தனித்தனி டப்பாக்கள் ஆகிவிடும்.

எழுத்தின் வடிவமும் இடமுமே பொருள் தரும் இந்த ஏற்பாடு மணலிக்குப் புதிதல்ல. எண்ணெய், ரசாயன ஆலைகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டேக் உண்டு. ஐஎஸ்ஏ 5.1 என்ற தரநிலைப்படி அதன் முதல் எழுத்து எதை அளக்கிறது என்று சொல்லும்: எஃப் என்றால் பாய்வு, டி வெப்பநிலை, பி அழுத்தம், எல் மட்டம். அடுத்து வரும் எழுத்துகள் கருவி செய்யும் வேலையைச் சொல்லும்: ஐ காட்டும், சி கட்டுப்படுத்தும், டி அனுப்பும், ஏ எச்சரிக்கும். ஆகவே ‘டிஐசி’ என்பது வெப்பநிலையைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கருவி. ‘டிடி’ என்றால் வெப்பநிலையை அளந்து அனுப்பும் கருவி. முதல் டி வேறு, இரண்டாவது டி வேறு, இடம்தான் பொருளைப் பிரிக்கிறது. குழாய்களின் நிறத்துக்கும் ஐஎஸ் 2379 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது: தண்ணீருக்குக் கடல்பச்சை, காற்றுக்கு வானநீலம், வாயுக்களுக்கு மஞ்சள், அமிலத்துக்கும் காரத்துக்கும் கருஊதா. வேறு ஊர் ஆலையிலிருந்து மாற்றலாகி வருகிறவர் முதல் நாளே குழாயைப் பார்த்து விலகி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நிறம் அவருக்கு முன்பே தெரியும். ஜாவா எழுத்துமுறையின் பெறுமானமும் இதே. உங்களுக்கு அடிக்கோடு பிடிக்குமா பிடிக்காதா என்பதைவிட, நேற்றுச் சேர்ந்தவருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்பது பெரிய விஷயம்.

எல்லாப் பெயரும் நீளமாக வேண்டும் என்பதில்லை. ஒரு டப்பா எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் புழங்குகிறதோ அதற்கேற்ற பெயர் போதும். மூன்று வரிச் சுழற்சியில் எண்ணிக்கொண்டு போக ‘ஐ’ என்ற ஓரெழுத்தை சன் வழிகாட்டியே அனுமதிக்கிறது. தாளிக்கும்போது கையில் இருக்கும் கிண்ணத்துக்கு யாரும் பெயர் ஒட்டுவதில்லை. அலமாரியில் ஏறுகிற டப்பாவுக்கு ஒட்டியாக வேண்டும். 2018-இல் வந்த ஜாவா 10, உள்ளூர் மாறிகளுக்கு வகையைச் சொல்லாமல் ‘வார்’ என்று மட்டும் எழுதவும் இடம் கொடுத்தது. டப்பாவின் வடிவம் கண்ணுக்குத் தெரியாதபோது ஒட்டிய பெயருக்குப் பளு கூடுகிறது. அந்த வசதியை எடுத்துக்கொண்டு பெயரிலும் சோம்பலாக இருப்பவரின் நிரலைப் படிப்பது பெரும் பாடு.

உள்தள்ளல், அடைப்புக்குறி இடம், வரி நீளம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் எது சரி என்று வாதிடுவதில் பயன் குறைவு. சன் வழிகாட்டி நான்கு இடைவெளி உள்தள்ளச் சொன்னது, 80 எழுத்துக்கு மேல் வரி நீள வேண்டாம் என்றது. கூகுளின் ஜாவா வழிகாட்டி இரண்டு இடைவெளி, 100 எழுத்து என்கிறது. கரண்டி அடுப்புக்கு வலப்பக்கம் தொங்கினாலும் இடப்பக்கம் தொங்கினாலும் சோறு வேகும். ஒவ்வொரு ஷிப்ட்டும் இடம் மாற்றிக்கொண்டிருந்தால்தான் வேகாது. குழு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, சேமிக்கும்போது கருவியே ஒழுங்குபடுத்தும்படி வைத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

ஜாவாவின் சொந்த அலமாரியே முழு ஒழுங்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஹேஷ்மேப்’ என்ற கிளாஸில் இரண்டாவது சொல்லின் எம் பெரிய எழுத்து; அதற்கு மூத்த ‘ஹேஷ்டேபிள்’ கிளாஸில் டி சிறிய எழுத்து. வரிசையைப் படியெடுக்கும் ‘அரேகாப்பி’ மெத்தடிலும் சி சிறியதுதான். இணையத் தொடர்புக்கான ஒரு கிளாஸின் பெயரில் ‘எச்டிடிபி’ என்பதற்கு முதலெழுத்து மட்டும் பெரியது, அதை ஒட்டி வரும் ‘யூஆர்எல்’ முழுக்கப் பெரியது. ஒரே பெயருக்குள் இரண்டு பழக்கம். வரிசைக்கு ‘லெங்த்’, பட்டியலுக்கு ‘சைஸ்’. ஏன் இன்னும் திருத்தவில்லை? உலகெங்கும் ஏராளமான நிரல்கள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அழைக்கின்றன. ஒரு சமையலறைக்குள் இருக்கும் டப்பாவுக்கு நாளையே வேறு பெயர் ஒட்டலாம். ஊர் முழுக்க விற்றுப்போன பாக்கெட்டின் பெயரைத் திரும்பப் பிடிக்க முடியாது. வெளியார் தொடும் பெயர்களுக்கு உள்ளே வைக்கும் பெயர்களைவிடப் பல மடங்கு யோசனை வேண்டும் என்பதற்கு இந்த ஹேஷ்டேபிளைவிட நல்ல சாட்சி இல்லை.

பெயர் மனிதருக்கு மட்டும்தான் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கும் இருக்கிறது. ஜாவாபீன்ஸ் மரபில், ‘கெட்’, ‘செட்’ என்று தொடங்கும் மெத்தட் பெயர்களைக் கருவிகள் படித்து, உள்ளே என்ன பண்பு இருக்கிறது என்று ஊகிக்கின்றன. ஸ்பிரிங் டேட்டா என்ற ஜாவா நூலகத்தில் இன்னும் ஒரு படி மேல்: ‘ஃபைண்ட் பை’ என்று தொடங்கிப் பண்பின் பெயரைச் சேர்த்து ஒரு மெத்தடுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரிலிருந்தே தரவுத்தளக் கேள்வி உருவாகிவிடும். ஓரெழுத்துப் பிழைத்தால் செயலி தொடங்கும்போதே நின்றுபோகும். இங்கே சீட்டைப் படித்துச் சமைப்பது இயந்திரம்.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். மேலே நான் எழுதிய ‘தேவையான_அரிசி_கிலோ’ வெறும் விளக்கத்துக்கானது அன்று. ஜாவா அதை அப்படியே ஏற்கும். தொடக்கத்திலிருந்தே யூனிகோடை அடிப்படையாகக் கொண்ட மொழி அது; தமிழ் எழுத்துகளில் மாறி, மெத்தட், கிளாஸ் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கலாம். ‘இஃப்’, ‘ஃபார்’ போன்ற மொழிச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். அவையும் தமிழில் வேண்டும் என்று முத்து அண்ணாமலை உருவாக்கியது ‘எழில்’ என்ற நிரல்மொழி. 2009-இல் அதைப் பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டார்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாதே, ஜாவாவின் பழக்கத்தை எப்படிப் பின்பற்றுவது? இலக்கணம் கைகொடுக்கிறது. மெத்தடுக்கு ஏவல் வினை: தாளி, வடி, அரிசியைக்_கணக்கிடு. கிளாஸுக்கும் மாறிக்கும் பெயர்ச்சொல்: சாம்பார், உலை_வெப்பம். பட்டியலுக்குப் பன்மை: தட்டுகள். ஆம்–இல்லை டப்பாவுக்கு ஆகார வினா: வெந்ததா, கொதித்ததா, தீர்ந்துவிட்டதா. இந்தக் கடைசி வகை தமிழில் அமைவதுபோல் ஆங்கிலத்தில் அமைவதில்லை. அங்கே ‘இஸ்’ என்று முன்னொட்டு போட்டு ஒப்பேற்றுகிறார்கள். எதிர்மறையில் மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். ‘வேகவில்லையா’ என்ற மாறியின் மதிப்பு ‘பொய்’ என்று வந்தால், வெந்துவிட்டது என்று புரிந்துகொள்ள ஒரு நிமிடம் அடுப்பையே வெறித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓர் ஆபத்தை எச்சரித்தாக வேண்டும். ‘கொதித்ததா’ என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஜாவாவோ குறியீடு குறியீடாக ஒப்பிடும். அதற்கு இவை வேறு பெயர்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் இன்னொருவர் வேறொன்றிலும் தட்டினால், “இப்படி ஒரு மாறியே இல்லை” என்று கம்பைலர் சொல்லும், கண்ணெதிரே மாறி இருக்கும். குழு முழுக்க ஒரே விசைப்பலகை, இல்லையேல் கோப்பைச் சேமிக்கும் முன் யூனிகோடு இயல்பாக்கம். 2022-இல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய பதிப்பானால், தொகுக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்வதும் நல்லது.

பல நாட்டவர் சேர்ந்து எழுதும் நிறுவன நிரலில் ஆங்கிலப் பெயர்தான் சரி. அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர் புனேயிலோ போலந்திலோ இருக்கலாம். ஆனால் மணலியிலும் திருவொற்றியூரிலும் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலாவது தமிழ்ப் பெயரில் எழுத இடம் கொடுக்க வேண்டும். ஆங்கிலச் சொல் தெரியாத தயக்கத்தில்தான் பலர் ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கணக்கு புரிந்திருக்கும்; சொல் வராது. ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று மதிப்பெண் குறைப்பார். மாணவி ‘ஊழியர்_மிகைநேரம்_மணி’ என்று எழுதிப் பழகிவிட்டால், பெயர் வைக்கும் புத்தி அவளுக்கு அமைந்துவிட்டது. பிறகு அதை எந்த மொழியிலும் எழுதுவாள்.

பழைய நிரலைக் கையில் வாங்கியவருக்கு வழி இதுதான். தேடி மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். அது 150-ஐப் போல் தொடர்பில்லாததையும் மாற்றிவிடும். நிரலெழுதும் கருவிகளான இன்டெலிஜேயில் ஷிப்ட்டும் எஃப்6-உம், எக்லிப்ஸில் ஆல்ட், ஷிப்ட், ஆர் மூன்றும் அழுத்தினால் அந்த மாறி புழங்கும் இடங்களில் மட்டும் பெயர் மாறும். முதலில் அலகு இல்லாத எண்கள், பிறகு ‘மாவு1’, ‘மாவு2’ போன்ற எண் பின்னொட்டுப் பெயர்கள், கடைசியாக எதிர்மறை ஆம்–இல்லைகள். பெயர் மாற்றங்களைத் தனிப் பதிவாகச் சேமியுங்கள், கணக்கு மாற்றங்களை வேறு பதிவாக. சோதனைகள் இரண்டுக்கும் நடுவில் ஒருமுறை ஓடட்டும். மறுநாள் அரிசி குறைந்தால், சீட்டு மாறியதாலா பக்குவம் மாறியதாலா என்று பிரித்துப் பார்க்க அப்போதுதான் முடியும்.